காற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி மாணவர் தன் பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு போட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே பிராசசருக்கு ஒரு நல்ல கூலரும் வாங்கியாயிற்று. இரண்டு அட்டைப்பெட்டிகளையும் பிரித்ததும் எவருக்கும் எழுகிற சந்தேகம் ஒன்று உண்டு. பிராசசரின் உலோக மூடிக்கு அடியில் உண்மையில் கணக்குப் போடுகிற சிலிக்கான் சில்லு ஒரு விரல்நகத்தைவிடப் பெரிதில்லை. அதன் தலையில் ஏற்றப்போகும் கூலரோ முக்கால் கிலோவை நெருங்குகிறது. இத்தனூண்டு சில்லுக்கு இவ்வளவு இரும்புச் சுமை எதற்கு? இரும்புகூட இல்லை, அலுமினியமும் செம்பும்!

மாட்டத் தொடங்கியதும் இரண்டாவது புதிர் வருகிறது. கேபினெட்டில் கார்டை மட்டும் மாட்டினால் கச்சிதமாக உட்காருகிறது. கூலரை மட்டும் மாட்டினால் அதுவும் அப்படியே. இரண்டையும் சேர்த்து மாட்டும்போதுதான் தகராறு. ஒன்று, பக்கக் கதவு மூடாது. அல்லது கதவு மூடும், ஆனால் தனித்தனியாக ஓடியபோது இருந்ததைவிட இரண்டுமே சூடாகும். கடைக்காரரிடம் கேட்டால் "பெரிய கேபினெட் வாங்குங்க தம்பி" என்பார். தவறான பதில் இல்லை. ஆனால் ஏன் என்பதை அது சொல்வதில்லை.

அறையைவிடக் குளிராகாது

கம்ப்யூட்டர் இழுக்கிற மின்சாரம் எங்கே போகிறது? மோட்டார் என்றால் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கம்ப்யூட்டர் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. படம் வரைந்தாலும் விளையாட்டு ஓட்டினாலும், உள்ளே போன ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. 65 வாட் என்று குறித்த பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற நடுத்தரக் கார்டு 170 வாட் தின்னும். மதர்போர்டு, ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வீணாவது எல்லாம் சேர்த்தால், கணக்கு எளிதாக இருக்க, மொத்தம் 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வெப்பத்தைக் கூலர் அழிப்பதில்லை. சில்லிலிருந்து வாங்கிக் காற்றிடம் கொடுக்கிறது. அதனால் எவ்வளவு விலை உயர்ந்த காற்றுக் கூலராக இருந்தாலும் சில்லைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக்க அதனால் முடியாது. சில்லின் சூட்டை இரண்டு பங்காகப் பார்ப்பது நல்லது. ஒன்று, கூலருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை. மற்றொன்று, அதற்கு மேல் கூலர் விட்டுவைக்கும் ஏற்றம். நல்ல 120 மில்லிமீட்டர் டவர் கூலரில், 76 வாட்டுக்கு இந்த ஏற்றம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும் என்று கொள்வோம். கூலர் நிறுவனத்தால் குறைக்கக்கூடியது இந்த இரண்டாம் பங்கை மட்டும்தான். முதல் பங்கைத் தீர்மானிப்பவை ஊரும், அறையும், கேபினெட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டும்.

நகத்தளவிலிருந்து அரைச் சதுர மீட்டர்

இனி எடைக்கு வருவோம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசையில் கணக்குப் போடும் சில்லின் பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர். அதிலிருந்து 60 வாட் வெளியேறுகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட். தலைக்கு மேல் நிற்கும் சித்திரை வெயில் அதே பரப்பில் கொட்டுவது சுமார் 0.1 வாட். சில்லின் மேற்பரப்பு அதைப்போல ஏறத்தாழ 750 மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

காற்று இதை நேரடியாக வாங்கிக்கொள்ளாது. வெப்பத்தை வாங்குவதில் காற்று மகா சோம்பேறி. தொடுகிற பரப்பைக் கூட்டிக்கொண்டே போனால்தான் அதனிடம் வேலை வாங்க முடியும். அதற்காகத்தான் மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். இவற்றை இதழ்கள் என்று அழைப்போம். 12 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் இதழின் இரு பக்கமும் சேர்ந்து 120 சதுர சென்டிமீட்டர். அப்படி ஐம்பது இதழ் என்றால் 6,000 சதுர சென்டிமீட்டர், அதாவது அரைச் சதுர மீட்டருக்கும் மேல். நகத்தளவு இடத்தில் பிறக்கும் வெப்பத்தை இவ்வளவு பரப்புக்கு விரிப்பதுதான் கூலரின் முழு வேலை. அதனால்தான் அது பெரிதாக இருக்கிறது. சிறிய கூலரும் விற்கிறார்கள். அதே வெப்பத்தைத் தள்ள அது ஃபேனை வேகமாகச் சுற்ற வேண்டும், இரைச்சல் உங்களுக்கு.

பால்கோவாக் கடாயும் செம்புக் குழாயும்

இதழ்கள் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சில்லிலிருந்து அங்கே வெப்பத்தை ஏற்றுவது யார்? கட்டிச் செம்புக் கம்பியை வைத்தால் பாதி வழியிலேயே வேகம் குறைந்துவிடும். இதற்கு 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் ஒரு வழி கண்டார். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த காக்லர் 1940களிலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அன்று அதற்குத் தேவை வரவில்லை. இதன் பெயர் வெப்பக் குழாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. அடியில் தீ எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் பாலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு கொதிநிலையை ஒட்டியே நிற்கும். அத்தனை நெருப்பும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,200 ஜூலுக்கு மேல் வேண்டும். அந்த ஆவி ஒரு குளிர்ந்த மூடியில் பட்டுத் திரும்பத் தண்ணீரானால், வாங்கிய வெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவிடும்.

வெப்பக் குழாய் என்பது இரு பக்கமும் அடைத்த செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். சில்லை ஒட்டிய முனையில் ஆவியாகி, இதழ்கள் கோத்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகிறது. உட்சுவரில் பூசிய செம்புத்தூள் படலம் அந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக் கீழே கொண்டுவருகிறது. 100 வாட் வெப்பத்தைக் கடத்த நொடிக்கு 0.04 கிராம் தண்ணீர் இப்படிச் சுற்றினால் போதும். அது ஒரு சொட்டுக்கும் குறைவு.

கிராபிக்ஸ் கார்டிலும் இதுவேதான். விலை கூடியவற்றில் குழாய்க்குப் பதில் தட்டையான ஆவி அறை வைப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சில 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைத்துக்கொண்டன. ஆவி அறைகளில் ஒரு தொகுதிக்குப் போதிய தண்ணீர் இல்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி விளக்கம் தந்தது. ஆயிரம் டாலர் கார்டு, சில சொட்டுத் தண்ணீரில் கோட்டை விட்டது.

1995இல் விட்ட இடம்

இவ்வளவு பெரிய இரண்டு பொருள்களை ஏன் இப்படி நெருக்கி வைத்தார்கள்? வைத்தவர்கள் காலத்தில் அவை பெரிதாக இல்லை.

இன்றும் கடைகளில் விற்கும் மதர்போர்டுகளின் அமைப்பு, இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை ஒட்டியது. கார்டு செருகும் ஸ்லாட்டுகள் 20.32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரவேண்டும் என்கிறது அந்த முறை. அன்றைய பென்டியம் பிராசசர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வாட்தான். கார்டு ஒரு வெறும் பலகை. ஒரு ஸ்லாட் இடமே அதற்கு அதிகம். 2003இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா இரண்டு ஸ்லாட் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அதன் அளவையும் இரைச்சலையும் உலகமே கேலி செய்தது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இன் நிறுவனத் தயாரிப்பு 61 மில்லிமீட்டர் தடிமன், 304 மில்லிமீட்டர் நீளம், 450 வாட். அதையோ வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இந்த நெருக்கடியை இன்டெல் முன்பே உணர்ந்திருந்தது. பிராசசரும் கார்டும் ஒரே நேரான காற்றோட்டத்தில் வருமாறு பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பை 2004இல் கொண்டுவந்தது. கேபினெட், மதர்போர்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதால் சந்தை அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் இன்டெல்லே கைவிட்டது. எனக்கு இது ஒரு நல்ல வாய்ப்பை நழுவவிட்டதாகவே படுகிறது. அதன் பிறகு இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு வீட்டிலும் ஸ்கேலை எடுத்து அளந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்கேலை எடுங்கள்

நம் மாணவரின் கேபினெட்டுக்கு வருவோம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, அதாவது 244 மில்லிமீட்டர் சதுரம். கூலர் 159 மில்லிமீட்டர் உயரம், 120 மில்லிமீட்டர் அகலம். அவர் கையில் இதுவரை இருந்தது பிராசசரோடு வந்த, 54 மில்லிமீட்டர் உயரமே உள்ள தட்டைக் கூலர்.

முதலில் உயரம். பிராசசரின் உலோக மூடியிலிருந்து பக்கக் கதவின் உட்புறம்வரை அளக்கிறார், 163 வருகிறது. நான்கு மில்லிமீட்டர் மிச்சம். நிம்மதி. ஆனால் ஃபேனை இதழ்களின் முன்பக்கம் மாட்டும்போது அது ரேமுக்கு மேல் வந்து உட்காருகிறது. சாதாரண ரேம் சுமார் 31 மில்லிமீட்டர் உயரம்தான். இவர் வாங்கியதோ விளக்கு மின்னும் ரகம், தலையில் அலங்காரத் தகடு வைத்தது. அதன் மேல் ஏறி நிற்க ஃபேனை எட்டு மில்லிமீட்டர் மேலே தள்ள வேண்டியிருக்கிறது. இப்போது மொத்த உயரம் 167. கதவு மூடாது. கூலரும் கார்டும் சண்டை போடும் என்று எதிர்பார்த்த இடத்தில், ரேமின் விளக்கு குறுக்கே நிற்கிறது. அலங்காரம் இல்லாத ரேமுக்கு மாற்றினால் தீர்ந்தது. வேகத்தில் எந்தக் குறையும் வராது.

அடுத்தது கார்டின் பக்கம். கேபினெட்டை நிமிர்த்தி வைத்தால் கார்டு படுத்த நிலையில், முதுகை மேலே காட்டிக்கொண்டு, கூலருக்கு நேர் கீழே இருக்கும். பிராசசரின் நடுவிலிருந்து ஸ்லாட்டின் நடுவரை 85 மில்லிமீட்டர் என்று அளந்தார். போர்டுக்குப் போர்டு இது மாறும். கூலர் அகலத்தில் பாதி 60 போக 25. கார்டின் முதுகுத் தகடு, ஸ்லாட் நடுவிலிருந்து மேலே 5 மில்லிமீட்டர் எழுந்து நிற்கிறது. மிச்சம் 20. ஃபேனைப் பிடிக்கும் கம்பிக்கு 3 போனால் 17 மில்லிமீட்டர். தாராளம்.

இதே போர்டில் அவர் நாக்டுவா என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் என்ஹெச்-டி15 கூலரை மாட்ட நினைத்திருந்தால்? அதன் அகலம் 150, பாதி 75. மிச்சம் 5, கம்பி போனால் 2 மில்லிமீட்டர். இடிக்காது, ஆனால் நிம்மதியும் இருக்காது. 1,320 கிராம் எடையுள்ள அந்தக் கூலரும், தன் எடையால் முனை தாழும் கார்டும், கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றி வரும்போது எப்படி ஆடும் என்று யோசியுங்கள். போதாததற்கு, கார்டைக் கழற்ற ஸ்லாட்டின் கோடியில் உள்ள சின்னப் பூட்டை அமுக்க வேண்டும். அங்கே விரல் நுழையாது. ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்துகிறவர்கள் போர்டையே கீறிவிடுகிறார்கள். ஒரு ஐஸ் குச்சி பாதுகாப்பானது. இந்தத் தொல்லை தெரிந்துதான் அதே நிறுவனம், இதழ்களை ஸ்லாட்டிலிருந்து சற்று விலக்கி அமைத்த என்ஹெச்-டி15எஸ் என்ற வடிவத்தையும் விற்கிறது.

மூன்றாவது, கார்டின் அடிப்பக்கம். பலர் அளக்காமல் விடுவது இதைத்தான். கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. காற்றை அங்கிருந்துதான் இழுக்க வேண்டும். கீழே எஸ்எம்பிஎஸ்ஸை மறைக்கும் தகடு இருக்கிறது. இடைவெளி எவ்வளவு வேண்டும்? ஃபேனின் வட்டப் பரப்பு எவ்வளவோ, அதே அளவு திறப்பு சுற்றிலும் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், விடை ஃபேனின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு. 90 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குக் குறைந்தால் ஃபேன் சுற்றும், சத்தம் போடும், காற்று வராது. இரண்டு ஸ்லாட் கார்டு வாங்கியிருந்தால் இந்த இடம் கிடைத்திருக்கும். மூன்று ஸ்லாட் கார்டு கூடுதலாக 20 மில்லிமீட்டரை விழுங்கிவிடுகிறது. சின்னக் கேபினெட்டில் 'பெரிய கூலர் வைத்த கார்டு' சில சமயம் அதிகம் சூடாவதன் காரணம் இதுவே.

நீளம் சுலபம். கேபினெட் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். முன் ஃபேனின் தடிமனான 25 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

அறையில் 36 டிகிரி

எல்லாம் மாட்டியாயிற்று, கதவும் மூடிவிட்டது. இனி இரண்டாவது புதிர்: சேர்ந்ததும் ஏன் சூடு கூடுகிறது?

ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் போதும். காற்றின் சோம்பேறித்தனத்தை இந்த எண்ணிலேயே பார்க்கலாம். அதே ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் சுமார் 4,200 ஜூல் வாங்கிக்கொள்ளும். நம் கேபினெட்டில் நொடிக்கு 300 ஜூல் பிறக்கிறது. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி மட்டுமே சூடேறி வெளியே வரவேண்டுமானால், நொடிக்கு 25 லிட்டர் காற்று கேபினெட்டைக் கடக்க வேண்டும். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் திறந்தவெளியில் ஏறக்குறைய இதைத் தள்ளும். வலை, தூசி வடிகட்டி, கேபிள் கூட்டம் என்று தடை வந்ததும் பாதியாகிவிடும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற வழக்கமான அமைப்பு பிறந்தது இப்படித்தான்.

மே மாதப் பிற்பகல், ஏசி இல்லாத அறை, 36 டிகிரி. காற்று கேபினெட்டுக்குள் பத்து டிகிரி ஏறி 46. பிராசசர் கூலர் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது என்று மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் கூலரின் ஏற்றம் 33. ஆக 79 டிகிரி. பல பிராசசர்கள் 90 அல்லது 95 டிகிரியில்தான் தாமாக வேகத்தைக் குறைக்கும். எனவே ஓடும். இப்போது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த, அழகான, காற்று புகாத கேபினெட்டை எடுங்கள். நொடிக்கு 15 லிட்டர்தான் போகிறது. காற்றின் ஏற்றம் கிட்டத்தட்ட 17 ஆகிறது; பிராசசர் 86. அதே கூலர், அதே கார்டு. 24 டிகிரி ஏசி அறையில் எடுத்த சோதனை வீடியோவில் இதே கேபினெட் 74 காட்டியிருக்கும். பார்த்தவர் நம்பி வாங்கியிருப்பார்.

கார்டு வருவதற்கு முன் இந்தக் கேபினெட்டில் 300 வாட் இல்லை, 130தான் இருந்தது. கார்டு கூலரைத் தொடவே இல்லை. அது குடிக்கும் காற்றைச் சூடாக்கியது. புதிய கார்டுகளில் சில இதை இன்னும் நேரடியாகச் செய்கின்றன. 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080இன் நிறுவனத் தயாரிப்பில், ஒரு ஃபேன் கார்டைத் துளைத்துக்கொண்டு வெப்பக் காற்றை நேராக மேலே, ரேமும் கூலரும் இருக்கும் பக்கம் ஊதுகிறது. கார்டுக்கு அது நல்லது. மேலே இருப்பவருக்கு மேற்பலகையில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவைப்படும்.

பக்கக் கதவும் பஞ்சும்

'கதவைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் ஃபேனை வைத்தால் போகாதா?' நம் ஊர்களில் பலர் செய்வது இது. முன்பக்கம் அடைத்த கேபினெட் என்றால் உண்மையிலேயே சூடு குறையும். நல்ல வலை முகப்புள்ள கேபினெட்டில் லாபம் குறைவு. முன்னிருந்து பின்னுக்கு ஓடிய காற்றோட்டம் கலைந்துபோய், கார்டின் சூட்டை வெளியேற்ற ஆள் இல்லாமல் போகலாம்.

ராஜபாளையத்தில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் முதல் இது நூற்பாலை ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டி, மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தளவாய்புரத்தில் நைட்டி தையல். மண் தூசியைப்போல இழைத் தூசி உதிர்ந்து விழாது. இதழ்களுக்கு இடையிலான சுமார் இரண்டு மில்லிமீட்டர் சந்தின் வாயில் ஓர் இழை குறுக்கே சிக்கும். அடுத்த இழை அதில் பின்னும். சில மாதங்களில் அங்கே ஒரு மெல்லிய கம்பளி உருவாகிவிடும். இதழ்களின் அரைச் சதுர மீட்டரும் அந்தக் கம்பளிக்குப் பின்னால் வேலையின்றி உட்கார்ந்திருக்கும்.

நூற்பாலைகள் இதே இரண்டு பிரச்சினைகளையும் பெரிய அளவில் சந்திக்கின்றன. ஸ்பின்னிங் மெஷின்கள் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தக் கூடத்திலேயே வெப்பமாகிறது. அதை அள்ளிக்கொண்டு போக ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், தண்ணீர் தெளித்த காற்றைக் கூடத்துக்குள் அனுப்புகிறது. நூல் அறுபடாமல் இருக்க ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வேண்டும் என்பதால் தண்ணீர் அங்கே இரட்டை வேலை செய்கிறது. ஆவியாகும்போது காற்றை வெளியில் இருப்பதைவிடவும் குளிரவைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கூலரால் முடியாத வேலை அது. வெப்பக் குழாயிலும் தண்ணீர் ஆவியாகிறதுதான். ஆனால் அந்த ஆவி குழாயைவிட்டு வெளியே போவதில்லை, அதே வெப்பத்தை மறுமுனையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பஞ்சுக்கு, மெஷின்களின் தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் ஓவர்ஹெட் கிளீனர் இருக்கிறது. ஷிஃப்ட் முழுக்க ஊதியும் உறிஞ்சியும் போய்வரும்.

வீட்டில் அந்த வேலை உங்களுடையது. உள்ளே தள்ளும் ஃபேன் வெளியே இழுப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்குமாறு வையுங்கள். அப்போது காற்று வடிகட்டி வழியாக மட்டுமே நுழையும். பின்பக்கச் சந்துகளில் பஞ்சு புகாது. முன் வலையை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கூலர் இதழ்களுக்குப் பெயின்ட் பிரஷ். கார்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நாளில் அதை முதலில் எடுத்துவிட்டுக் கூலரிடம் போங்கள். மாட்டும்போது கூலர் முதலில், கார்டு கடைசியில். புளோயரால் ஊதுவதென்றால் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தன் வேகத்துக்கு மேல் சுழன்றால் அதன் பேரிங் தேய்ந்துவிடும்.